214-ஆம் பாட்டிலின் வரிகள்

அந்த மூடியைத் திருகுவதற்கு முன்னால் என் கட்டைவிரல் வரிகளை உணர்ந்ததா, இல்லையா?

நாலு வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் கீர்த்தனா போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்த பெண்.

"அக்கா, ரிடையரானவங்களத் தொந்தரவு பண்றேன்னு நெனச்சுக்காதீங்க. பழைய ரிஜிஸ்டரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கோமுங்க. எல்லாம் ஏறிப்போச்சு. உங்க எரநூத்திப் பதினாலு மட்டும் ஏறவே மாட்டேங்குது."

"ஏன் கண்ணு?"

"ஒரு கட்டம் காலியா இருக்குதுங்க. 'திறக்கும் முன் வரிகள் உணரப்பட்டனவா?'ன்னு. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணத் தொட்டாத்தான் சேவ் ஆகுது. காலியா உட்டா செவப்பாக் காட்டுது. என்னங்க போடட்டும்?"

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் என்றேன். இன்றைக்குச் செவ்வாய்.

எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். ரிடையர் என்பது அவர்கள் கேலிக்கு வைத்த சொல். ஆனாலும் எட்டு வருடம் ஒரே வேலையில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. கீர்த்தனாவும் அவளோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களும், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா" என்று முன்பே கேட்டிருந்தார்கள். என்ன இருக்கிறது எழுத என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தச் சிவப்புக் கட்டம் என்னை உட்காரவைத்துவிட்டது.

எங்கள் வேலையைச் சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. கோயமுத்தூர்ப் பக்கம் பழைய மில்லோ பங்களாவோ இடிபடப் போகிறது என்றால், பொக்லைன் வருவதற்கு முன்பு எங்களுக்கு இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். தரையைப் பெயர்த்து, அடியில் புதைந்திருக்கும் பாட்டில், பீங்கான் ஜாடி, பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் சேதமில்லாமல் எடுத்து, எது எங்கே கிடந்தது என்று எழுதிவைப்போம். அந்தக் காலத்தில் குப்பை வண்டி ஏது? கட்டிடத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். குழி நிறைந்ததும் மூடினார்கள். பிறகு இடம் போதாமல் அதன் மேலேயே ஓர் அறையைக் கட்டிவிட்டார்கள். அந்த மாதிரி அறைகளின் அடியில்தான் எங்கள் பிழைப்பு.

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டுப் பதிவு உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்களில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் இரும்பு போகக் கூடாது. மூங்கில் சிம்பைச் சீவி அதனால்தான் மண்ணை எடுக்க வேண்டும். எடுத்த பாட்டிலை உடனே வெயிலில் காட்டக் கூடாது. இத்தனை வருடம் குளிர்ந்து கிடந்த கண்ணாடி பட்டென்று விரிந்துவிடும். ஈரச்சாக்கின் மேல் ஒரு மணி நேரம் நிழலில் கிடத்த வேண்டும். மற்றபடி, குழியில் இறங்கும் மணியண்ணன் கம்பியை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து "செங்கல்லுங்க", "எலும்புங்க", "கண்ணாடிங்க" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் ஆனைமலைக்காரர். கம்பியின் நுனியில் காது இருக்கிறதோ என்று தோன்றும். ஒரே ஒரு தடவை "பெரிய ஜாடிங்க, ஒடையாம இருக்குது" என்று எல்லோரையும் கூட்டிவிட்டார். அரைநாள் தோண்டி எடுத்தால் கக்கூஸ் பீங்கான். "ஒடையாம இருக்குதா இல்லீங்களா?" என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டார்.

எங்கள் பொறுப்பாளர் தமயந்தி மேடம். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரணமாக "வா கண்ணு" என்பவர், தப்பு செய்தால் "வாங்க அம்மணி" என்பார். "உட்காருங்க அம்மணி, தண்ணி குடிங்க, என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க" என்று அடுக்க ஆரம்பித்தால் அன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் மாதமே அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது. ஒரு பங்களாவின் சமையலறைக்கு அடியில் கிடைத்த மருந்து பாட்டிலைப் பளிச்சென்று கழுவிக்கொண்டு போய் நீட்டினேன். வாளித் தண்ணீரில் சின்னத் தாள் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அது பாட்டிலின் லேபிள். மேடம் அந்தத் தாளை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். எழுத்து முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

"அருமையாக் கழுவியிருக்கீங்க அம்மணி. இத்தன வருசமா மண்ணு காப்பாத்தி வெச்ச பேர அஞ்சு நிமிசத்துல அழிச்சுப்போட்டீங்க. டீ குடிச்சீங்களா?"

அந்த டீயை நான் அழுதுகொண்டே குடித்தேன். அதற்குப் பிறகு எட்டு வருடத்தில் ஒரு லேபிளும் என் கையால் போகவில்லை.

எந்தப் பொருள் கிடைத்தாலும் மேடம் மூன்று கேள்விகள் கேட்பார். "எங்க இருந்துச்சு? எப்படிக் கெடந்துச்சு? கூட என்ன இருந்துச்சு?" பாட்டில் எவ்வளவு அழகு, எவ்வளவு பழசு என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். அந்தியூரில் ஒரு பழைய கடைக்கு அடியில் கோலி சோடா பாட்டில் ஐம்பதுக்கு மேல் அள்ளினோம். ஒன்றைத் தவிர எல்லாமே கழுத்தில் உடைந்தவை. நாங்கள் சலித்துப்போய் நின்றபோது மேடம் மட்டும் குனிந்து, "கூட என்ன இருந்துச்சு?" என்றார். கருங்கல் ஒன்று இருந்தது. வழவழவென்று, ஒரு பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாகத் தேய்ந்து. அந்தத் தெருப் பிள்ளைகள் கோலிக்காக அந்தக் கல்லில் தட்டித்தான் கழுத்தை உடைத்திருக்கிறார்கள். உடைந்த பாட்டில்களைவிட அந்தக் கல்லைத்தான் மேடம் பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்தார். நான் அந்த வேலையை விரும்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூடியோடு கிடைக்கும் பாட்டில்களுக்குத் தனி முறை உண்டு. அவற்றை முதலில் கழுவக் கூடாது. மூடியைச் சுற்றியிருக்கும் அரக்கு தண்ணீரில் இளகினால் உள்ளே இருப்பது கெட்டுவிடும். மேடம் சொல்வது இது: "மொதல்ல வெரலு, அப்பறம் கண்ணு, கடசியாத்தான் மூக்கு."

விரல் ஏன் முதலில் என்றால், குடிக்கக் கூடாத மருந்துகளை அந்தக் காலத்தில் வரி வரியாகப் புடைப்பு வைத்த பாட்டிலில்தான் அடைத்தார்கள். அரை வெளிச்சத்தில் அவசரமாகக் கையில் எடுத்தாலும் தொட்டவுடன் ஆபத்து தெரிய வேண்டும் என்பதற்காக. பெரும்பாலும் நீலம் அல்லது பச்சைக் கண்ணாடி. ஆகவே கட்டைவிரலால் பாட்டிலை ஒரு சுற்று தடவ வேண்டும். வரி தட்டுப்பட்டால் திறக்கவே கூடாது. பாட்டில் அப்படியே மேடத்தின் மரப்பெட்டிக்குப் போக வேண்டும். வரி இல்லையென்றால், மேடம் பக்கத்தில் இருக்கும்போது மூடியைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, வாசனையைக் கையால் விசிறி வாங்கி, "எண்ணெய்", "மை" என்று எழுத வேண்டும். பிறகு கழுவும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எனக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். விளக்கெண்ணெயா, வேப்பெண்ணெயா என்று காலிப் பாட்டிலிலேயே சொல்வேன். எட்டாவது வருடத்தில் ஒரு மாதம் அது திடீரென்று இன்னும் கூர்மையாகிவிட்டது. பாட்டில் கழுவும் சரசக்கா, "அம்மணி, காத்தால நான் என்னங்க சாப்புட்டு வந்தேன்?" என்று பத்தடி தள்ளி நின்று கேட்பார். "பழைய சோறும் சின்ன வெங்காயமும்" என்பேன். "இது மூக்கில்லீங்க, மோப்ப நாய்!" என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்றாம் மாதம்.

அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. முந்தின வருடம் ஒன்று ஒன்பதாம் வாரத்தில் கலைந்துபோயிருந்தது. அப்போது முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லி, பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டிவந்தது. அதனால் இந்தத் தடவை ஐந்தாம் மாதம் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று நானும் என் கணவர் செந்திலும் முடிவு செய்திருந்தோம். தெரிந்தால் மேடம் என்னைக் குழிப் பக்கமே விட மாட்டார் என்பதும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால் இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பழைய மில்லின் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் வேலை. மில் மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கம்பவுண்டர் அறையின் கடப்பைக் கல்லைப் பெயர்த்ததும் அடியில் குப்பைக்குழி அகப்பட்டது. ஒரு வாரத்தில் இருநூறு பாட்டில் தாண்டிவிட்டோம். அளவுக்கோடு போட்ட மருந்து பாட்டில்கள், மை பாட்டில்கள், உடைந்த பீங்கான் உரல். எல்லாம் கெட்டியான களிமண்ணுக்குள் அப்பிக் கிடந்தன.

அன்று மதியம் மேடம் இடிப்புக் காண்டிராக்டரிடம் இன்னும் நாலு நாள் கேட்டு வாங்கப் போயிருந்தார். மணியண்ணன் குழிக்குள் இருந்து ஒரு பாட்டிலை நீட்டி, "மூடியோட இருக்குதுங்க அம்மணி" என்றார். வாங்கிக்கொண்டு உள்ளறையில் என் மேசைக்கு வந்தேன். 214 என்று சீட்டு எழுதினேன். ஒரு மணி நேரம் சாக்கில் கிடத்தினேன். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான்.

பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தேன். கையகல உயரம். மேலெல்லாம் களிமண் காய்ந்து தோல்போல் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினேன். தடவியது நன்றாக நினைவிருக்கிறது. ஏழு வருடப் பழக்கம், விரல் தானாகப் போய்விடும். ஆனால் என்ன தட்டுப்பட்டது என்பது மட்டும் நினைவில் இல்லை. என் மனம் முழுக்க மூடியில் இருந்தது. மேடம் வருவதற்குள் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லி அசத்திவிட வேண்டும். இவ்வளவு கூரான மூக்கு இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்?

அரக்கை நகத்தால் கீறினேன். பொடியாக உதிர்ந்தது. கண்ணாடி மூடியைத் திருகினேன். முதலில் அசையவில்லை; பிறகு "கிர்" என்று சுழன்று வந்துவிட்டது. கையை நீட்டி விசிறவில்லை. நேராக மூக்குக்குக் கொண்டுபோனேன்.

அந்த வாசனை மூக்கில் நிற்கவில்லை, நெற்றிக்கு ஏறியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் சுவர் தள்ளித் தள்ளிப் போனது. மூடியைத் தட்டுத்தடுமாறிச் செருகினேன். அப்போது கண்ணைத் துடைத்த என் ஈரக்கை பட்ட இடத்தில் களிமண் இளகி, செதிலாக உரிந்து விழுந்தது.

அடியில் நீலம். நீலத்தின் மேல் ஒரு வரி. பக்கத்தில் இன்னொரு வரி. விரலால் தள்ளத் தள்ள, வரிசையாக வரிகள். ஒரு பக்கத்தில் 'உட்கொள்ளக் கூடாது' என்று ஆங்கிலத்தில் புடைப்பு எழுத்துகள்.

என் கை அடிவயிற்றுக்குப் போனது. யாரும் பார்க்கவில்லை. மணியண்ணன் குழியில் இருந்தார். சரசக்கா வெளியே டப்பில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். சன்னலுக்குப் போய் ஆழமாக மூச்சு விட்டேன். முகம் கழுவினேன். பிறகு என்ன செய்தேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. ரிஜிஸ்டரைத் திறந்து, 214-க்கு நேராக, 'மூடி தளர்ந்த நிலையில் கிடைத்தது' என்று எழுதினேன்.

தளர்ந்த மூடி என்றால் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே இருந்தது எப்போதோ மண்ணோடு போய்விட்டது என்று அர்த்தம். ஒரே வரியில் என் தப்பு காணாமல் போனது.

சோமனூரில் வீட்டுக்குப் போனபோது செந்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எதுவும் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. சாப்பிடும்போது, "ஏம்புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார். "வெயிலுங்க" என்றேன். அந்தப் பாட்டிலில் என்ன இருந்திருக்கும், ஒரு மூச்சு உள்ளே போனால் அது எதுவரைக்கும் போகும், இவ்வளவு சின்ன உயிருக்கு ஒரு மூச்சே அதிகமில்லையா என்று நினைத்துக்கொண்டே சோற்றை அளைந்தேன். போனில் தேடிப் பார்த்ததுதான் நான் செய்த அடுத்த தப்பு. படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது.

மறுநாள் காலை கட்டிடத்துக்குள் நுழைந்தபோது சரசக்கா டப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் அன்றைய தட்டு. ரிஜிஸ்டரைப் பார்த்து மேடம்தான் பிரித்து அனுப்புவார். மூடி இறுகிய வரிப் பாட்டில் மரப்பெட்டிக்கு, மூடி தளர்ந்தது எதுவானாலும் கழுவும் டப்புக்கு. தட்டின் ஓரத்தில் நீலம் தெரிந்தது.

சரசக்கா அந்தப் பாட்டிலை எடுத்துக் காதருகே குலுக்கினார். வெறும் கை. உறை போட்டால் பாட்டில் வழுக்குகிறது என்று அவர் போடுவதே இல்லை.

"உள்ள ரெண்டு சொட்டு கெடக்குதுங்க. கொட்டிப்போட்டுக் கழுவீரட்டுங்களா?"

"கொட்டாதீங்க!"

நான் கத்தியதில் குழிக்குள்ளிருந்து மணியண்ணன் தலையை நீட்டினார். சரசக்கா அப்படியே உறைந்துபோனார். அவர் கை புண்ணாகிவிடுமோ என்று பயந்து கத்தினேனா, அந்த இரண்டு சொட்டும் போய்விட்டால் என் குழந்தைக்கு என்ன ஆகுமென்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போய்விடும் என்று கத்தினேனா? இரண்டும்தான். ஆனால் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

மேடம் மெதுவாக நடந்து வந்தார். சரசக்கா கையிலிருந்து பாட்டிலை வாங்கி, கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். என்னைப் பார்த்தார்.

"வாங்க அம்மணி. உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"இது எங்க இருந்துச்சுங்க?"

"குழியில, தெக்கு மூலைலங்க."

"எப்படிக் கெடந்துச்சுங்க?"

"மூடி... இறுகித்தானுங்க இருந்துச்சு. நான் தொறந்தேனுங்க. நேரா மோந்து பாத்தேன். ரிஜிஸ்டர்ல பொய் எழுதிப்போட்டேன்."

"அப்பக் கூட யாருங்க இருந்தாங்க?"

"யாருமில்லீங்க மேடம்." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மூணு மாசமுங்க எனக்கு."

சரசக்காதான் முதலில் எழுந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அட என்ற சாமி! பழைய சோறு மோப்பம் புடிச்சப்பவே எனக்குத் தோணியிருக்கோணும். மூணு பெத்தவ நான், என்ற மரமண்டைக்கு ஏறலியே."

"எந்திரி கண்ணு" என்றார் மேடம். அந்த 'கண்ணு' காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சு திரும்பியது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்."

ஆட்டோவில் அவரே கூட வந்தார். அரைமணி நேரத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேர் செருப்பிலும் களிமண்ணோடு. டாக்டரம்மா இரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சைக் கேட்டார், ஸ்கேன் எடுத்தார். திரையில் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவை மோந்ததுக்கு நீங்க நினைக்கிற அளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனா உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா நான் இன்னும் உறுதியாச் சொல்வேன். அந்த மருந்து மிச்சம் இருக்கா?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு சொட்டு இருக்குதுங்க டாக்டர். நேரத்துல கத்திக் காப்பாத்திப்போட்டாங்க."

மேடத்துக்குத் தெரிந்த வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் அந்த இரண்டு சொட்டும் போயின. பதினோரு நாள் காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு மாலையே செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடத்துகிட்ட சொல்ல முடியுது, என்றகிட்டச் சொல்ல முடியலியாக்கும்?" என்றார். அந்தப் பதினோரு நாளும் தினம் அவரே என்னை வண்டியில் கூட்டிவந்து விட்டுப்போனார்.

மேடம் ரிஜிஸ்டரில் நான் எழுதியதை அழிக்க விடவில்லை. சிவப்பு மையால் ஒரே கோடு போட்டு, அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்றார். அதன் கீழே நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். கடைசியில் அவரே ஒரு கட்டம் வரைந்தார். 'திறக்கும் முன் வரிகள் உணரப்பட்டனவா?'

"இதுக்கு என்ன எழுதறது கண்ணு?"

"தெரியலீங்க மேடம்."

"அப்ப இப்ப எழுதாத. தெரியறப்ப எழுது." அதோடு ரிஜிஸ்டரை மூடிவிட்டார். மறுவாரத்திலிருந்து புதிய பக்கம் ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கட்டம் உள்ளவற்றில் என்னுடையது மட்டும் காலி.

பன்னிரண்டாம் நாள் மதியம், நான் மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது மேடம் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தைலமாம். கற்பூரம், டர்பன்டைன், இன்னும் என்னமோ. மில்லுல தறி ஓட்டுனவங்க தோளுக்கும் முட்டிக்கும் தேச்ச தைலம். குடிக்கக் கூடாதுன்னுதான் வரிப் பாட்டல்ல ஊத்தி வெச்சிருக்காங்க."

சரசக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அடக் கெரகமே! அன்னைக்கு உட்டிருந்தீங்கன்னா என்ற முட்டிக்காவது தேச்சிருப்பேனில்லீங்க!"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை. நடுவில் எப்போதோ அது அழுகையாகியிருக்க வேண்டும், ஏனென்றால் மேடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

டாக்டரம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இனிமே இதை நினைக்காதீங்க" என்றார். ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒவ்வொரு விரலாக எண்ணிக் காட்டினார்கள். ஏழாம் மாதம் வேலையை விட்டேன். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் வற்புறுத்தவில்லை. மகள் யாழினி பிறந்து முதலில் கத்தியபோது, சரசக்காவைப் பார்த்து நான் கத்திய கத்தல்தான் நினைவுக்கு வந்தது. இப்போது அவளுக்கு மூன்றரை வயது. எதையும் முதலில் மூக்கருகே கொண்டுபோய்த்தான் பார்க்கிறாள். சோப்பு, செருப்பு, அப்பாவின் தறி எண்ணெய். நான் பின்னாலேயே ஓடுகிறேன். அவள் தும்மினால்கூட ஒரு கணம் அந்த நீலம் கண்ணுக்குள் வந்து போகிறது. பிறகு அவள் சிரிக்கிறாள், எனக்கு நிம்மதியாகிவிடுகிறது. இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நிம்மதியடைகிறேன்.

கீர்த்தனா போன் செய்த மறுநாள் ஒரு சோதனை செய்தேன். வீட்டில் வரி வைத்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. யாழினியைக் களிமண் அப்பச் சொன்னேன். அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. வெயிலில் காயவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். வரிகள் தெரிந்தன. மறுபடி அப்பினோம், மறுபடி காயவைத்தோம். இந்தத் தடவை நான் தடவும்போது அவள், "அம்மா, உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. மழமழவென்றுதான் இருந்தது.

ஆகவே கவனம் இருந்தால் தெரியும், இல்லையென்றால் தெரியாது. அன்றைக்கு என் கவனம் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

இந்தக் கட்டம் எனக்கு மட்டும் முக்கியம் என்றால் ஏதோ ஒன்றைத் தொடச் சொல்லியிருப்பேன். ஆனால் கீர்த்தனா இன்னொன்றும் சொன்னாள். எல்லாக் கட்டங்களையும் பார்த்துத்தான் புதிய விதி எழுதப் போகிறார்களாம். எனக்கு மட்டும்தான் இப்படி நேர்ந்திருக்கிறது. நான் 'இல்லை' என்றால், களிமண் அப்பியிருக்கும்போது விரலை நம்பக் கூடாது, மூடிய பாட்டிலை அந்த இடத்தில் திறக்கவே கூடாது என்று விதி மாறும். 'ஆம்' என்றால், விரல் சரியாகத்தான் சொன்னது, அந்த அம்மணிதான் கேட்கவில்லை என்றாகும். பழைய விதியே நிற்கும். நாளைக்கு அந்த மூன்று பெண்களில் ஒருத்தி களிமண் அப்பிய நீலப் பாட்டிலைக் கையில் எடுப்பாள். அவள் உள்ளே யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் 'இல்லை' என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். செந்திலும் அதைத்தான் கேட்டார். 'இல்லை' என்றால் அந்தப் பெண்களுக்கு நல்லது. எனக்கும் நல்லது, தப்பு என்மேல் இல்லாமல் களிமண்மேல் போய்விடும். எனக்கும் நல்லது என்பதுதான் என்னை இடிக்கிறது. அதே பக்கத்தில், அதே எண்ணுக்கு நேராக, எனக்கு வசதியான ஒரு வரியை ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதன்மேல் போட்ட சிவப்புக் கோடு இன்னும் அங்கே இருக்கிறது.

மேடத்திடம் கேட்டேன். "உன்ற கட்டம் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களில் ஆய்வகத்திலோ மருந்துக்கடையிலோ ஆலையிலோ வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஒரு கணம் கவனம் தவறி, பிறகு அந்தக் கணத்தைப் பற்றி எழுதிக்கொடுக்க வேண்டிவந்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளை பெற்றவர்களும் இருப்பீர்கள். தெரியாத ஒன்றுக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டம் கொடுத்தால் நீங்கள் எதைத் தொடுவீர்கள்? அல்லது மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள் என்று கீர்த்தனாவிடம் சண்டை போடுவீர்களா? தயவுசெய்து கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் கூப்பிடுவாள்.